உதட்டில் ஒரே சொல்

ரூபி வீட்டுக்குப் போகிற டவுன் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகும் என் வாய் காலையில் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆஹா, ரொம்ப சந்தோஷம் ரூபி, எல்லாருக்கும் ஸ்வீட் உண்டுல்லா. உதட்டைக் கடித்துக்கொண்டால் நாக்கு சொல்கிறது, நாக்கை மடக்கினால் தொண்டைக்குள் சொல்கிறது. கையைக்கூடத் தட்டினேனே. பால் பாக்கெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தெருமுனையில், சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு கையையும் தட்டினேன். ரூபி அவள் வீட்டுக்காரர் பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தாள், தலை வாரியிருக்கவில்லை, சேலை எப்படியோ சுற்றியிருந்தது, அதையெல்லாம் பார்த்தேன், பார்த்துவிட்டு ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறாள் பாவம் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். அவள் மகள் ஷீபாவுக்கு இன்றைக்கோ நாளைக்கோ என்று இருந்தது. ஒரு மாதமாக ஸ்டாஃப் ரூமில் ரூபிக்கு மகளின் பிரசவத்தைத் தவிர வேறு பேச்சே கிடையாது. பைக் நிற்கவில்லை, என்னைக் கண்டதும் கொஞ்சம் மெதுவானது, அவ்வளவுதான். அந்த இன்ஜின் சத்தத்துக்கு மேலே ரூபி என்னைப் பார்த்து ஒன்று சொன்னாள். மாமா போயிட்டாங்க. அவள் சொன்னது அது. எனக்கு விழுந்தது பாப்பா பொறந்தாச்சு. மாமாவும் பாப்பாவும் உதட்டில் ஒரே சொல், கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தால் தெரியும், நான் மத்தியானம் சொல்லிப் பார்த்தேன். மேலுதடும் கீழுதடும் சேர்ந்தால் பகரமும் மகரமும் பிறக்கும் என்று வருஷா வருஷம் ஒன்பதாம் வகுப்புக்கு இலக்கணம் நடத்துகிறவள் நான். உதடு ஒன்றுதான் பிள்ளைகளா, மூக்கு வழியாகக் காற்று போனால் மகரம் என்று மூக்கைப் பிடித்துக் காட்டுவேன், பிள்ளைகள் சிரிக்கும். மூக்கு வழியாகப் போகிற காற்று கண்ணுக்குத் தெரியாதே. ரூபியின் மாமனார் செத்துப்போய்விட்டார் என்று அவள் சொல்ல, நான் கையைத் தட்டி ஸ்வீட் கேட்டேன்.

அவள் முகம். பைக் திரும்புகிற வரைக்கும் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்துக்கொண்டே போனாள். அதைத் தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து, ரூபி பாட்டியாகிட்டா என்று இவரிடம் சொல்லிக் காப்பி போட்டேன், குழந்தைக்கு என்ன வாங்கலாம், வெள்ளிக் கொலுசு வாங்கலாமா என்று யோசித்தேன், எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். சனிக்கிழமை. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது போன் அதிர்ந்தது, பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் படம், கீழே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், நமது ரூபி டீச்சரின் மாமனார், நல்லடக்கம் மாலை என்று இருந்தது. எழுத்து என்னை ஏமாற்றாது. எழுத்து தெளிவாக, ஒவ்வொரு புள்ளியோடும் இருந்தது. அரிவாள்மனையில் உட்கார்ந்தபடியே உடம்பெல்லாம் கூசியது, எழுந்து ஜன்னல் கதவைச் சாத்தினேன், தெருவில் யாருமே இல்லை, ஆனாலும் சாத்தினேன். எல்லா டீச்சரும் ஒரு வேனில் போகலாம் என்று செய்தி மேல் செய்தி வந்தது. நான் தனியாக வந்துவிடுகிறேன் என்று அடித்து அனுப்பினேன். வேனில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். வேனில் யாராவது என்னிடம், காலைல ரூபிகிட்ட என்ன சொன்னீங்க என்று கேட்பார்கள், அதுவும் எனக்கு விழாது, அதற்கும் சிரித்துத் தலையாட்டுவேன்.

எனக்கு உயிரெழுத்து கேட்கும், மெய்யெழுத்து கேட்காது. டாக்டர் வேறு மாதிரி சொன்னார், மேல்ஸ்தாயி சத்தமெல்லாம் போய்விட்டது, கீழ்ஸ்தாயி இருக்கிறது என்று ஒரு படம் போட்டுக் காட்டினார், மலைச் சரிவு மாதிரி ஒரு கோடு வலது பக்கம் இறங்கிக்கொண்டே போயிற்று. நான் தமிழ் டீச்சர், எனக்கு இப்படித்தான் புரிந்தது. ஆ, ஓ, ஆ என்று வந்து விழும், நடுவில் இருக்கிற க, ச, ட, த எல்லாம் உதிர்ந்து போயிருக்கும், நான்தான் பொறுக்கிக் கோக்க வேண்டும். பெரும்பாலும் சரியாகவே கோத்துவிடுவேன். அதுதான் வினை. பாதிக்கு மேல் தப்பாக இருந்திருந்தால் எப்போதோ பிடிபட்டிருப்பேன். மகன் பெங்களூரிலிருந்து வந்து கூட்டிக்கொண்டு போய் வாங்கிக்கொடுத்த காது மிஷின் ஹேண்ட்பேக்கில் ஒரு சின்ன டப்பாவுக்குள் கைக்குட்டை சுற்றிக் கிடக்கிறது, போட்டால் மின்விசிறி கத்துகிறது, தட்டு கத்துகிறது, என் புடவையே கத்துகிறது, ஆனால் அதெல்லாம் சாக்கு. வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் அறுபது பிள்ளைகளும் என் காதுக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்கும். செவிட்டு டீச்சர் என்று பெயர் வைக்கும். பிள்ளைகளைக் குற்றம் சொல்ல முடியாது, நம் பாஷையே அப்படித்தான் இருக்கிறது, சொன்ன பேச்சைக் கேட்காதவனைச் செவிடன் காதில் ஊதின சங்கு என்கிறோம், கன்னத்தில் அறைவதைச் செவிட்டில் ஒன்று வைத்தேன் என்கிறோம், ஒரு பேச்சுக்குக்கூட அந்தச் சொல் நல்ல இடத்தில் வந்து நான் பார்த்ததில்லை. எங்கள் அப்பாவோடு கூடப்பிறந்த சண்முகம் சித்தப்பாவுக்குக் காது கேட்காது, அவருக்கு ஒரு பெயர் இருந்ததே பலருக்குத் தெரியாது, செவிட்டுச் சித்தப்பா, செவிட்டு மாமா, செவிட்டு மச்சான். கல்யாண வீட்டில் பந்தியில் அவர் உட்கார்ந்திருக்க, அவர் முதுகுக்குப் பின்னால் நின்று ஏதாவது சொல்லி எல்லாரும் சிரிப்பார்கள், சிரிப்பைப் பார்த்து அவரும் சிரிப்பார். அந்தச் சிரிப்பு இப்போது என் முகத்தில் இருக்கிறது. யாராவது ஜோக் சொல்லி மற்றவர்கள் சிரித்தால் நான் அரை நொடி பிந்திச் சிரிக்கிறேன், எவ்வளவு நீளம் சிரிக்க வேண்டும் என்று பக்கத்து முகத்தைப் பார்த்து அளந்துகொள்கிறேன்.

வகுப்பில் இப்போதெல்லாம் கேள்வி கேட்பதில்லை. கேட்டால் பதில் வரும். போன வருஷம் ஒருத்தி எழுந்து ஏதோ சொன்னாள், நான் நல்லது, உட்காரு என்றேன், வகுப்பே குலுங்கியது. என்ன சொன்னாள் என்று இன்றுவரை தெரியாது. அதிலிருந்து நானே பேசிக்கொண்டிருக்கிறேன், மணி அடிக்கிற வரைக்கும், மணி அடிப்பதைப் பிள்ளைகள் புத்தகம் மூடுவதை வைத்துத் தெரிந்துகொள்கிறேன். ஸ்டாஃப் ரூமிலும் நான்தான் பேசுவேன். பேசிக்கொண்டே இருந்தால் கேட்க வேண்டாம். வடிவு டீச்சர் வாயைத் திறந்தா மூட மாட்டாங்க என்று பெயர், சண்முகவடிவு என்கிற முழுப்பெயரை எல்லாரும் மறந்துவிட்டார்கள், வாயாடி என்று நினைக்கிறார்கள், நினைக்கட்டும், செவிடி என்பதற்கு வாயாடி தேவலை. வீட்டில் இவருக்குத் தெரியும். இவர் குளியலறையிலிருந்து பேசுவார், கொல்லையிலிருந்து பேசுவார், பேப்பருக்குப் பின்னாலிருந்து பேசுவார். என்ன என்பேன். இன்னொரு தடவை சொல்வார். என்ன என்பேன். ஒண்ணுமில்ல, விடு என்பார். இந்த ஒண்ணுமில்ல மட்டும் எனக்கு எந்தத் தூரத்திலிருந்தும் விழும். என்னமோ இருந்தது, ஒரு சின்ன விஷயம், மாடியில் அணில் கூடு கட்டியிருப்பதோ, பேப்பரில் ஏதோ வேடிக்கையோ, அதை எனக்குச் சொல்லத்தான் நினைத்தார், இரண்டாம் தடவைக்கு மேல் அது அவ்வளவு பெறாது என்று விட்டுவிட்டார். பெறாதுதான். கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதில் எது பெறும்? எல்லாம் அப்படிப்பட்ட விஷயங்கள்தானே.

பஸ் நிற்கிறது, யூனிஃபார்ம் போட்ட இரண்டு பெண் பிள்ளைகள் ஏறுகிறார்கள், காது கேளாத பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், பாளையங்கோட்டையில் எல்லாருக்கும் அந்த யூனிஃபார்ம் தெரியும். எனக்கு முன் ஸீட்டில் ஒருத்தி உட்கார, மற்றவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி ஒரே கையால் பேசுகிறாள், என்ன வேகம், விரலும் புருவமும் தோளும் சேர்ந்து பேசுகின்றன, உட்கார்ந்திருப்பவள் பாதியில் குறுக்கே விழுந்து மறுக்கிறாள், இரண்டு பேரும் குலுங்கிச் சிரிக்கிறார்கள், ஒருத்திக்கும் அரை நொடி பிந்தவில்லை. எதிர் ஸீட்டுக்காரர் ஒருவர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், பக்கத்து ஆளை முழங்கையால் இடித்துக் காட்டுகிறார். நானும்தான் பார்க்கிறேன். ஆனால் நான் பார்ப்பது வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், என்ன வேறு, பொறாமையா? கண்டக்டர் வருகிறார், நின்றுகொண்டிருப்பவளின் கண்ணில் படுகிற மாதிரி முன்னால் போய் நிற்கிறார், அவள் பார்க்கிற வரைக்கும் காத்திருக்கிறார், பிறகு அவளைப் பார்த்தே, எங்க என்று கையை விரித்துக் கேட்கிறார். அவள் விரலால் ஏதோ காட்டுகிறாள், அவர் அதே மாதிரி செய்து காட்டி அதுதானே என்கிறார், அவள் தப்பு என்று சிரித்துத் திரும்பக் காட்டுகிறாள், அவர் தன் தலையில் தட்டிக்கொண்டு சீட்டைக் கிழித்துக் கொடுக்கிறார். எவ்வளவு லேசாக நடந்துவிட்டது. அந்தப் பிள்ளையின் தவறும் இல்லை, அவர் தவறும் இல்லை, முதல் தடவை புரியவில்லை, இரண்டாம் தடவை புரிந்தது. இதைப் பார்த்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பினேன் போலிருக்கிறது, யாரோ ஸீட்டுக் கம்பியை டங்கென்று அடிக்கிறார்கள், அதிர்வு முதுகில் ஏறுகிறது, திரும்பினால் அதே கண்டக்டர், முகம் சிவந்திருக்கிறது. "ஏம்மா, எத்தன தடவ கேக்கது? எங்க எறங்கணும்? காது கேக்காதா?" கோபப்படுகிறவர்கள் வாயை நன்றாக அசைப்பார்கள், ஒரு எழுத்துத் தப்பாமல் விழுந்தது. ஆமாம், கேட்காது என்று சொல்ல வேண்டியதுதானே. முன்னால் இரண்டு பிள்ளைகள் அதைச் சொல்லாமலே சொல்லிக்கொண்டு எவ்வளவு சுகமாக இருக்கின்றன. "மரியாதையா பேசுங்க, ஒரு டீச்சர்கிட்ட பேசுத பேச்சா இது?" என்று கத்தினேன். கத்தினேனா, சாதாரணமாகச் சொன்னேனா, தெரியாது, பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்ததை வைத்துக் கத்தியிருக்கிறேன் என்று முடிவு செய்தேன். அந்த இரண்டு பிள்ளைகள் மட்டும் திரும்பவில்லை. நான் இறங்குகிற இடத்தைச் சொன்னதும் கண்டக்டர் சீட்டை நீட்டிவிட்டுப் போனார், அவருக்கு முகம் தொங்கிப்போயிற்று. அந்தப் பிள்ளைகளிடம் அப்படி நடந்துகொண்ட மனுஷரை நான்தான் அப்படிப் பேச வைத்தேன். அவருக்குத் தெரிய வழியில்லை. ரூபிக்கும் தெரிய வழியில்லை. ரூபி இப்போது என்ன நினைத்துக்கொண்டிருப்பாள்? வடிவு டீச்சருக்கு என்மேல் என்ன கோபம், எதற்குச் சாவு வீட்டுக்காரியைப் பார்த்துக் கை தட்டினாள் என்றா? எனக்குப் போன வருஷம் சீனியாரிட்டி வந்ததில் அவளுக்குப் பொறாமை என்றா? பைத்தியம் என்றா? பைத்தியம் என்று நினைத்தால்கூடப் பரவாயில்லை என்று ஒரு நிமிஷம் தோன்றுகிறது, பாருங்கள், என் மனசு எங்கே போய் ஒளிய இடம் தேடுகிறது.

இறங்கி நடக்கிறேன். தெருவை அடைத்துப் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆண்கள், எல்லாருடைய வாயும் அசைகிறது. வாசலில் நிற்கிற ரூபியின் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கை கூப்புகிறார், அவர் காலையில் ஹெல்மெட் போட்டிருந்தார், அவருக்கு நான் சொன்னது கேட்டிருக்குமா? அவர் ஏதோ சொல்கிறார், மீசை மறைக்கிறது, நான் தலையைக் குனிந்து, ஆமாங்க, என்ன செய்ய என்றேன். சாவு வீட்டில் எதற்கும் பொருந்துகிற பதில் அது. உள்ளே கூடத்தில் குளிர்ப்பெட்டிக்குள் பெரியவர் படுத்திருக்கிறார், தாடையைச் சேர்த்துத் துணி கட்டியிருக்கிறது, சபைப் பெண்கள் பாட்டுப் புத்தகத்தை வைத்துப் பாடுகிறார்கள், எனக்கு ஏதோ தூரத்து மோட்டார் ஓடுகிற மாதிரி வருகிறது. மற்ற டீச்சர்கள் வந்துவிட்டார்கள், சுவரோரமாக உட்கார்ந்திருக்கிறார்கள், நான் அவர்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். பெரியவர் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், கம்பீரமான மனுஷர், போன கிறிஸ்துமஸுக்குப் பிறகு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து பேச்சுக் குழறிப்போனது. நான் இரண்டு மூன்று தடவை பார்க்க வந்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம் அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ரூபியிடம் கேட்பார்கள், தாத்தா சாப்பிட்டாங்களா, தாத்தா தூங்குறாங்களா, மருந்து குடிக்கிறாங்களா என்று. தாத்தா அங்கேதான் இருப்பார், கண்ணை முழித்துக்கொண்டு. நானும் அப்படித்தான் கேட்டேன். அவர் பேசினால் யாருக்கும் புரியாது, ரூபிக்குக் கொஞ்சம் புரியும். எனக்கோ நன்றாகப் பேசுகிறவர்கள் பேச்சே பாதி. அவர் ஏதோ சொல்ல, நான் சிரித்துத் தலையாட்ட, அவர் மறுபடி சொல்ல, நான் மறுபடி தலையாட்ட, திடீரென்று அவர் நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். ரூபி காப்பி போட உள்ளே போயிருந்தாள். நல்லாயிருந்த இடது கையைத் தூக்கித் தன் காதைத் தொட்டுக் காட்டி, அப்படியா என்கிற மாதிரி புருவத்தை உயர்த்தினார். என் வீட்டுக்கு வெளியே இந்த உலகத்தில் யாரும் கண்டுபிடிக்காததை வாய் குழறிய மனுஷர் கண்டுபிடித்துவிட்டார். நான் என்ன செய்தேன்? புரியாத மாதிரி, காது வலிக்குதா அய்யா, டாக்டர்கிட்ட சொல்லவா என்று கேட்டேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பாட்டு முடிந்திருக்க வேண்டும், புத்தகங்கள் மூடின. ரூபி உள்ளறையிலிருந்து வந்தாள். கண் வீங்கியிருந்தது. டீச்சர்கள் ஒவ்வொருத்தராக எழுந்து அவள் கையைப் பிடித்தார்கள், என் முறை வந்தது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் தோளைப் பார்த்தாள். கோபம் இருந்தால்கூட எனக்குத் தைரியம் வந்திருக்கும், அவள் என்னைக் கண்டு பயந்த மாதிரி இருந்தாள், நான் மறுபடியும் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று. கையைப் பிடித்தேன். வாய் வழக்கம்போலப் பேச ஆரம்பிக்கப் பார்த்தது, பெரிய சாவுதானே, கொடுத்து வைத்தவர், கஷ்டப்படாமல் போய்விட்டார் என்று வரிசையாக வந்து நின்றது. அவள் உதடு அசைந்தது. நான் கவனிக்கவில்லை, என் பேச்சைத் தயார் செய்துகொண்டிருந்ததில் அதைத் தவறவிட்டுவிட்டேன். அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். தலை தன்னால் ஆடப்போயிற்று, பாதி ஆடிவிட்டது, பிடித்து நிறுத்தினேன். "ரூபி, எனக்குக் காது கேக்காது" என்றேன். மெதுவாகத்தான், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரித்தான் சொல்வதாக நினைத்தேன். கூடத்தில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. வாசலில் ஆண்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். சொல்லியாயிற்று, நிறுத்த முடியவில்லை. "கால்ல நீ மாமான்னு சொன்னது எனக்குப் பாப்பான்னு விழுந்துட்டு. ஷீபாவுக்குப் பொறந்துட்டுன்னு நெனச்சேன். அதான் கையத் தட்டினேன். வேற ஒண்ணும் இல்ல ரூபி, கேக்கல, அவ்வளவுதான், ரொம்ப நாளா கேக்கல." காலையில் என்பதுகூட வாயில் கால் என்று குழறிவிட்டது. ஹெட்மிஸ்ட்ரஸ் முகம் தெரிந்தது, அதில் ஏதோ கணக்குச் சரியாகிவிட்ட மாதிரி ஒரு தெளிவு, கேள்வி கேட்காத வகுப்பு, போன் எடுக்காத டீச்சர், எல்லாம். தரையைப் பார்த்தேன். செருப்பில்லாத என் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன், வியர்வை காதுக்குப் பின்னால் ஓடியது.

ரூபி ஏதோ சத்தம் போட்டாள், அழுகை என்று நினைத்தேன். நிமிர்ந்தால் சிரிக்கிறாள். அழுதுகொண்டே சிரிக்கிறாள், மாமா, பாப்பா என்று உதட்டால் மாறி மாறிச் சொல்லிப் பார்க்கிறாள், முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்க்கிறாள், முடியவில்லை, மாமனார் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று மருமகள் தோள் குலுங்கச் சிரிக்கிறாள். நாத்தனார் எழுந்து வந்து அவளை அணைத்துக்கொண்டாள். பிறகு அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, என் தலைக்கு மேலாக, ரூபியிடம் ஏதோ சொன்னாள், சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோய்க் குடிக்கிற மாதிரி காட்டினாள். வாயை ஒரு முழம் திறந்து, "கா...ப்...பி" என்று, ஊமைக் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்துக் கிழவி ஒருத்தி என் கையைத் தடவி உச்சுக் கொட்டினாள், முகத்தில் அவ்வளவு இரக்கம். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் நான் வடிவு டீச்சர், இப்போது கட்டிலில் கிடந்த பெரியவர் மாதிரி ஆகிவிட்டேன், எனக்குக் காப்பி வேண்டுமா என்று இன்னொருத்தரிடம் கேட்கிறார்கள். இதற்குத்தானே இத்தனை நாள் பயந்தேன், சரியாகத்தான் பயந்திருக்கிறேன் என்று நினைத்தபோது ரூபி நாத்தனாரின் கையைப் பிடித்து இறக்கினாள். இந்தத் தடவை நான் அவள் வாயை விடவில்லை. "அவங்ககிட்டயே கேளுங்க மதினி. மூஞ்சியப் பாத்து, எப்பவும் போலப் பேசுனாப் போதும்." நாத்தனாருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவள் கெட்டவள் இல்லை. என்னைப் பார்த்துத் திரும்பி, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சேலையில் துடைத்துக்கொண்டு, "கடுங்காப்பி குடிக்கியளா டீச்சர்?" என்றாள். "குடிக்கேன்" என்றேன். இரண்டு பேருக்குமே வெட்கமாக இருந்தது.

டம்ளரோடு ரூபி என்னைக் கொல்லைப்புறம் கூட்டிக்கொண்டு போனாள், துவைக்கிற கல்லில் உட்கார வைத்தாள், வெயில் தன் முகத்தில் விழுகிற மாதிரி அவள் எதிரே ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். கண் கூசியது அவளுக்கு, ஆனாலும் நகரவில்லை. "இப்பத் தெரியுதா?" என்று கேட்டாள். "தெரியுது." "ஏன் டீச்சர் சொல்லல? இத்தன வருஷமா பக்கத்துப் பக்கத்து நாற்காலி." நான் எத்தனையோ தடவை அவள் சொன்னதற்கெல்லாம் ஆமா ரூபி, ஆமா ரூபி என்றிருக்கிறேன், ஷீபா காதலிக்கிறாள் என்று அழுதபோதுகூட அப்படித்தான் சொல்லியிருப்பேன், பிறகு மற்றவர்கள் பேச்சிலிருந்துதான் அது என்ன விஷயம் என்று பொறுக்கிக்கொண்டேன். அவள் அதையெல்லாம் இப்போது நினைத்துப் பார்க்கிறாள் என்று அவள் கண்ணிலேயே தெரிந்தது. மன்னிச்சிரு என்று சொல்ல வாயெடுத்தேன், அவள் கையமர்த்தினாள். பிறகு மாமாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். மெதுவாக, நிறுத்தி நிறுத்தி, நடுவில் நான் முழித்தால் வேறு வார்த்தையில் சொன்னாள். விடியக்காலம் மூச்சு ஒரு மாதிரி இழுத்தது, வீட்டுக்காரர் ஆம்புலன்சுக்குப் போன் பண்ண வெளியே ஓடினார், அவள் மட்டும் கட்டில் பக்கத்தில் இருந்தாள், மாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னமோ சொன்னாங்க டீச்சர். பெருசா. ரெண்டு மூணு வாக்கியம். வழக்கமா எனக்குப் புரியும், அப்பப் புரியல. பயத்துல எனக்கு ஒண்ணும் தலையில ஏறல. சரி மாமா, சரி மாமான்னேன். தலையாட்டினேன். அப்பறம் பேசவே இல்ல." ஆம்புலன்ஸ் வரும்போது எல்லாம் முடிந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய் உறுதிப்படுத்திக்கொண்டு, உடம்பை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பின்னாலேயே பைக்கில் வந்துகொண்டிருந்தபோதுதான் என்னைத் தெருமுனையில் பார்த்திருக்கிறாள்.

டம்ளர் கையில் சுட்டது, கீழே வைக்கத் தோன்றவில்லை. ரூபி என் கண்ணையே பார்த்துக் கேட்டாள். "எனக்குப் புரியலன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா டீச்சர்?" ஒரு எழுத்து உதிரவில்லை. க, ட, த எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன, வெயில் அவள் உதட்டில் அவ்வளவு வெளிச்சமாக இருந்தது. என்ன என்று கேட்டுவிடலாம். இப்போது எனக்கு உரிமை உண்டே, எல்லார் முன்னாலும் சொல்லியாயிற்றே, காதைக் காட்டி என்ன ரூபி என்றால் அவளும் பெருமூச்சு விட்டு ஒண்ணுமில்ல டீச்சர் என்று விட்டுவிடுவாள், இரண்டு பேரும் தப்பித்துவிடலாம். இல்லாவிட்டால், தெரிஞ்சிருக்காது, நீ சொன்னதே அவருக்குப் போதும் என்று ஒரு நல்ல வார்த்தை. ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் அவள் அவர்களைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டாள். பொய்யாகத் தலையாட்டுவதைப் பற்றி இந்த ஊரில் என்னைவிடத் தெரிந்தவர்கள் யார்? சுவர்ப் பக்கம் திரும்பிய அந்த முகம் எனக்குத் தெரியும். "தெரிஞ்சிருக்கும்" என்றேன். "அவங்களுக்குத் தெரியும் ரூபி. என்னையே கண்டுபிடிச்சிட்டாங்க. நான்தான் ஒத்துக்கல." சொன்னதும் இதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. அவள் முகம் சுருங்கியது, முந்தானையை எடுத்து மூடிக்கொண்டு அதற்குள் ஏதோ சொன்னாள், தோள் ஆடியது, பேச்சு வந்துகொண்டே இருந்தது, ஆ, ஓ, ஆ என்று உயிர் மட்டும் வந்தது. நான் தலையாட்டவில்லை. டம்ளரைக் கல்லில் வைத்துவிட்டு எழுந்து போய் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தேன், முழங்கால் வலித்தது, சேலை ஈரத்தில் நனைந்தது. "முந்தானைய எடுத்துட்டுச் சொல்லு ரூபி. எனக்குத் தெரியல" என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரியாது, கொல்லை வாசலில் யாரோ வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் முந்தானையை எடுத்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். எனக்காக வெயில் பக்கம் முகத்தைத் திருப்பி, முதலிலிருந்து சொன்னாள்.

"இன்னொருக்க சொல்லுங்க மாமான்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா நான்?"

"ஆமா" என்றேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். அவளுடைய அழுகை முழுக்க என் எலும்பு வழியாக எனக்கு வந்தது.